ஏனம் கழுவுற மிஷினும் அரை டம்ளர் ப்ளீச்சும்

மார்ச் முடிவு, ஆடிட், அப்புறம் டிரான்ஸ்ஃபர் வருமா வராதா என்ற வருடாந்திரக் கிலி எல்லாம் முடிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. இந்த முறை ஒரு சரித்திரப் பதிவு. ராஜராஜ சோழன் இல்லை, டிஷ்வாஷர். சிரிக்காதீர்கள். அகமதாபாத் வந்து ஒன்பது வருடத்தில் என் வீட்டில் நடந்த ஒரே பெரிய விபத்துக்கும் இந்தச் சரித்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு.

2020 ஊரடங்கில் வேலைக்கு வரும் பென் வர முடியாமல் போனது. சம்பளம் மட்டும் மாதாமாதம் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. பாத்திரம் தேய்த்ததில்தான் வருத்தம். ஊரில் பாதிப் பேர் செய்ததை நாங்களும் செய்தோம். ஆறு மாதத் தவணையில் ஒரு டிஷ்வாஷர். கடன் கொடுத்தே பழகியவன் கடன் வாங்கியபோது படிவத்தை எத்தனை முறை படித்தேன் என்று தங்கமணியைக் கேளுங்கள்.

விபத்து 2022 தீபாவளிக்கு முந்தின வாரம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். டிஃபன் டப்பாக்களில் சாம்பார் மஞ்சள் ஏறிக் கிடந்தது. மிஷினில் எத்தனை முறை போட்டாலும் போகவில்லை. பாத்ரூமில் இருந்த ப்ளீச் பாட்டிலை எடுத்து அரை டம்ளர் உள்ளே ஊற்றி, அம்மாவின் எவர்சில்வர் தட்டுகளையும் சேர்த்து அடுக்கி, மிஷினை ஓட விட்டேன். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று. உள்ளே உப்புக்கறை படிந்திருக்கிறது என்று தங்கமணி அதே மிஷினின் அடியில் நாலு ஸ்பூன் 'லிம்பு நா ஃபூல்' போட்டு ஊற வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். லிம்பு நா ஃபூல் என்றால் குஜராத்தியில் எலுமிச்சைப் பூ. பெயர் அழகாக இருக்கும், சாமான் சிட்ரிக் ஆசிட்.

ஐந்து நிமிடத்தில் நீச்சல்குள வாசம் மாதிரி ஒன்று வந்தது. பிறகு அது வாசமாக இல்லை. அம்மா அடுக்களையில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். "எய்யா, என்னத்தப் போட்ட உள்ள? நெஞ்சைப் பிடிக்குதே" என்றார். அதற்குள் நான் புத்திசாலித்தனமாக மிஷின் கதவைத் திறந்து பார்த்தேன். முகத்தில் அடித்தது. இரண்டு பேரும் இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினோம். அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. இன்ஹேலர், அப்புறம் பக்கத்து டாக்டர், இரண்டு மணி நேரம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எதை எதோடு கலந்தீர்கள்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தச் சரித்திரத்துக்குள் விழுந்தேன்.

உள்ளே வந்தது குளோரின் வாயு. ப்ளீச் என்பது குளோரினைக் காரத்துக்குள் கட்டிப் போட்ட சரக்கு. அமிலம் பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். இந்த வாயுவை முதலில் தயாரித்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஸ்வீடனில், 1774இல். அவருக்கு அது ஒரு தனிமம் என்று தெரியாது. 1810இல் ஹம்ப்ரி டேவிதான் அதைத் தனிமம் என்று சொல்லிப் பெயர் வைத்தார். நடுவில் 1785 வாக்கில் பிரான்சில் பெர்த்தோலே இதை வைத்துத் துணி வெளுக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் துணி வெளுப்பது மாதக்கணக்கான வேலை. காரத்தில் வேகவைத்து, புளித்த மோரில் நனைத்து, புல்வெளியில் விரித்து வெயிலில் காயப் போடுவார்கள். நம்மூரில் உவர்மண்ணும் வெள்ளாவியும் வெயிலும் செய்த அதே வேலை. பாரிஸ் பக்கத்தில் ஜாவெல் என்ற இடத்தில் தயாரித்ததால் திரவ ப்ளீச்சுக்கு ஜாவெல் தண்ணீர் என்றே பேர். 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் அதைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை வாங்கினார். பஞ்சாயத்துக்காரர் நம் கிணற்றில் கொட்டிவிட்டுப் போவாரே, அந்த ப்ளீச்சிங் பவுடர்.

இனி வருவது பி.காம். படித்தவனுக்குப் பிடித்த இடம். வேண்டாதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

டிஷ்வாஷர் பவுடரின் முதுகெலும்பு சலவைச் சோடா. கொழுப்பை உடைக்கக் காரம் வேண்டும். நம் பாட்டிமார் சாம்பல் போட்டுத் தேய்த்ததும் இதற்குத்தான், சாம்பலில் இருப்பது பொட்டாசியத்தின் காரம். (கூடவே புளி போட்டுத் தேய்த்தது பித்தளையின் களிம்புக்கு. அது அமிலம். இரண்டையும் எப்போது எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.) சாம்பலும் கடல்பாசிச் சாம்பலும் போதாமல் போனபோது சமையல் உப்பிலிருந்து சோடா எடுக்கும் வழியை நிகோலா லெப்லாங்க் கண்டுபிடித்து 1791இல் காப்புரிமை பெற்றார். புரட்சியில் தொழிற்சாலை பறிபோய், கடைசியில் 1806இல் தற்கொலை செய்துகொண்டார், பாவம். அவர் முறை இங்கிலாந்தில் கொழித்தது. ஆனால் ஒரு டன் சோடா செய்யும்போது புகைபோக்கி வழியாக ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வெளியே போகும். சுற்றுவட்டாரத்தில் மரம் மட்டை எல்லாம் கருகியது. 1863இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆல்கலி சட்டம் போட்டு, நூற்றில் 95 பங்கு ஆவியைப் பிடித்தே ஆக வேண்டும் என்றது.

பிடித்தார்கள். பிடித்ததை என்ன செய்வது? வெல்டன், டீகன் என்று இரண்டு பேர் ஆளுக்கொரு முறையில் அதைக் குளோரினாக மாற்ற வழி கண்டார்கள். குளோரின் ப்ளீச்சிங் பவுடராக விலை போனது. கழிவு சரக்காகிவிட்டது! அதற்குள் பெல்ஜியத்தில் சோல்வே இன்னும் மலிவாகச் சோடா செய்யும் முறையைக் கொண்டு வந்துவிட்டார். லெப்லாங்க் ஆலைகள் அன்றே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. சோடாவில் போன நஷ்டத்தை ப்ளீச்சிங் பவுடரின் லாபத்தில் கட்டிக்கொண்டு இன்னும் இருபது முப்பது வருடம் ஓட்டினார்கள். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கம் தாங்கி நிற்பதை நானும் எத்தனையோ கடன் கோப்பில் பார்த்திருக்கிறேன். 1890களில் உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் முறை வந்தது. ஒரே தொட்டியில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் சேர்ந்தே வரும். ஒரு டன் குளோரின் என்றால் கூடவே ஒரு டன்னுக்குச் சற்று மேல் காஸ்டிக் சோடா. ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்ய முடியாது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் 'ஜாயின்ட் பிராடக்ட்' என்று மனப்பாடம் செய்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காஸ்டிக் சோடாவுக்குக் கிராக்கி இருந்தால் குளோரினையும் எங்காவது தள்ளியாக வேண்டும். தள்ளும் வழிகளில் ஒன்று, பாத்ரூம் அலமாரியில் இருக்கும் பாட்டில்.

எங்க ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. திருச்செந்தூர் ரயிலில் ஆறுமுகநேரி வரும்போது சாகுபுரம் ஆலையைப் பார்த்திருப்பீர்கள். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே காஸ்டிக் சோடா. அதே கம்பெனியின் பழைய சோடா ஆலை இங்கே குஜராத்தில் திராங்கத்ராவில். நாட்டில் உப்பு விளைச்சலில் குஜராத் முதல், தமிழ்நாடு இரண்டாவது. உப்பு விளையும் ஊரிலிருந்து கிளம்பி உப்பு விளையும் ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, மிஷினுக்கு வருவோம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சிற்றூர். ஜோசபின் காக்ரன் என்ற பெண்மணி. பரம்பரைப் பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் கழுவும்போது உடைத்துக்கொண்டே இருந்தார்கள், அந்தக் கோபத்தில் ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். 1883இல் கணவர் கடனை வைத்துவிட்டு இறந்து போனார். கோபம் ஒன்று, கடன் அழுத்தம் ஒன்று. (இரண்டாவதுதான் ஆளை எழுப்பி உட்கார வைக்கும், எங்கள் தொழில் அனுபவம்.) கொல்லைக் கொட்டகையில் ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கை வைத்துச் செய்து, 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை வாங்கினார். தட்டு அளவுக்குக் கம்பி அறைகள், அவற்றைச் சுமக்கும் ஒரு சக்கரம், வெளியே செம்புக் கொப்பரை, உள்ளே சோப்புத் தண்ணீர் பீய்ச்சல். அதற்கு முன் வந்த கருவிகளில் சில துடைக்கப் பார்த்தன. இவருடையது தண்ணீரின் வேகத்தை நம்பியது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பேர் வாங்கினார். நம் விவேகானந்தர் பேசினாரே, அதே சிகாகோ, அதே வருடம்.

ஓட்டல்கள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. வீட்டில் அவ்வளவு வெந்நீர் கிடையாது. இன்னொரு இடைஞ்சல் சோப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் திரிந்து வெள்ளைப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் போட்டால் நுரை பொங்கி, பீய்ச்ச வேண்டிய இடத்தில் காற்றுதான் வரும். டிஷ்வாஷரில் சாதாரணப் பாத்திரச் சோப்பு ஊற்றிப் பார்த்தவர்கள் சமையலறைத் தரையைத் துடைத்தபடி இதை ஒப்புக்கொள்வார்கள். மிஷின் 1886இல் வந்துவிட்டது. அதற்கேற்ற பவுடர் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அது வந்த வழி பாய்லர். 1930களில் பிட்ஸ்பர்க்கில் ரால்ஃப் ஹால் என்பவர் கொதிகலன்களில் உப்புப் படியாமல் இருக்க ஒரு பாஸ்பேட்டைப் பயன்படுத்தினார். கால்சியத்தைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும். 'கால்சியம் கான்', அதாவது கால்சியம் போயே போச்சு என்பதைச் சுருக்கிக் கால்கான் என்று பேர். கொதிகலனில் நடப்பது தட்டிலும் கண்ணாடி டம்ளரிலும் நடக்கும் என்று உடனே தெரிந்துவிட்டது. போருக்குப் பின், 1946இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் டைட் துணிப் பவுடரை இன்னொரு பாஸ்பேட்டை வைத்துக் கொண்டு வந்தது. 1955இல் அதே கம்பெனி டிஷ்வாஷருக்கென்று கேஸ்கேட் பவுடர். இந்த வகைப் பவுடர்களின் சமையல் குறிப்பு நெடுநாள் மாறவில்லை. பாஸ்பேட், சலவைச் சோடா, மிஷின் துருப்பிடிக்காமலும் பீங்கான் பூ அழியாமலும் இருக்க சிலிக்கேட், நுரைக்காத சோப்பு துளி. அப்புறம் குளோரின்.

ஆமாம், குளோரின்! ப்ளீச் பாட்டில் கேட்காமலே அது டப்பாவுக்குள் இருந்தது. டீக்கறை, காபிக்கறையை வெளுக்க. முட்டை, பால் போன்றவற்றின் புரதப் படலத்தை உடைக்க. அந்தப் படலம்தான் கண்ணாடியில் தண்ணீர்த் துளிக்கறை நிற்கக் காரணம். திரவ ப்ளீச்சைத் தூளோடு கலக்க முடியாது. அதனால் குளோரின் ஏற்றிய பாஸ்பேட் உப்பு, பிற்பாடு டைகுளோரோஐசோசயனுரேட் என்ற பல்லை உடைக்கும் பேர் கொண்ட உப்பு. குடிநீரைச் சுத்தம் செய்யும் குளோரின் மாத்திரைகள் சிலவற்றில் இருப்பதும் இதுவே.

இங்கே ஒரு கோர்ட் கதை. கேஸ்கேட் போட்ட அதே ப்ராக்டர் அண்ட் கேம்பிள், 1957இல் குளோராக்ஸ் ப்ளீச் கம்பெனியை வாங்கியது. அரசு வழக்குப் போட்டது. 1967இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், வாங்கியது செல்லாது, பிரி என்றது. தீர்ப்பில் சொன்ன விவரம்தான் சுவாரஸ்யம். வீட்டு ப்ளீச் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ரசாயனத்தில் ஒன்றே, 5.25 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட், மீதி 94.75 சதவீதம் தண்ணீர். அப்படியிருந்தும் குளோராக்ஸ் கையில் சந்தையில் பாதி, சரியாகச் சொன்னால் 48.8 சதவீதம். விளம்பரம்தான் வித்தியாசம், அதில் இன்னும் பெரிய பணமூட்டை வந்து சேர்ந்தால் சின்னவன் பிழைக்க மாட்டான் என்பது நீதிமன்றத்தின் கவலை. 1969இல் குளோராக்ஸ் மறுபடி தனிக் கம்பெனி ஆனது.

கறை ஒரு பக்கம் போக, ஏரி இன்னொரு பக்கம் கெட்டது. பாஸ்பேட் பாசிக்கு நல்ல உரம். 1960களில் அமெரிக்க-கனடா எல்லையில் ஈரி ஏரியில் பாசி மண்டி, அழுகி, மீனுக்கு மூச்சு முட்டியது. 1972இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டன. துணிப் பவுடரில் பாஸ்பேட்டை மாநிலம் மாநிலமாக நிறுத்தினார்கள். டிஷ்வாஷர் பவுடருக்கு மட்டும் விலக்கு, மாற்று இல்லை என்று. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் மாவட்டம் 2008இல் விலக்கையும் நீக்கியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? கார் எடுத்துக்கொண்டு பக்கத்து ஐடஹோவுக்குப் போய்ப் பழைய பவுடரை டப்பா டப்பாவாக வாங்கி வந்தார்கள். மதுவிலக்கு உள்ள மாநிலத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2010 ஜூலையில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து வரம்பு போட, கம்பெனிகள் நாடு முழுவதும் மாற்றிவிட்டன. கண்ணாடி டம்ளரெல்லாம் மங்குகிறது, மிஷின் கெட்டுவிட்டது என்று புலம்பித் தீர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரி 1இலிருந்து வரம்பு கொண்டு வந்தது. அங்கே அவ்வளவு புலம்பல் இல்லை. ஒரு காரணம், ஐரோப்பிய மிஷின்களில் தண்ணீரை மென்மையாக்கும் பிசின் அறை உள்ளேயே இருக்கிறது. அதற்குத்தான் நாம் கல்லுப்பு மாதிரி ஒன்றைக் கொட்டுகிறோம். அமெரிக்க மிஷின்களில் பெரும்பாலும் அது கிடையாது, பவுடரே எல்லாவற்றையும் சுமந்தது. நம்மூரில் விற்பவை பெரும்பாலும் ஐரோப்பிய வகை. ஆகவே போர்வெல் தண்ணீர்க்காரர்கள் உப்பில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

பாஸ்பேட்டுக்கு முன்பே குளோரின் வெளியேற ஆரம்பித்திருந்தது. காரணம் என்சைம். சோற்றுக் கஞ்சியையும் புரதத்தையும் தின்னும் என்சைம்களைப் பவுடரில் சேர்த்தால் வேலை சுலபம். ஆனால் குளோரின் என்சைமையே கொன்றுவிடும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. 1990களில் ஐரோப்பாவில் குளோரின் போய், ஆக்சிஜன் ப்ளீச் வந்தது. அதுவும் புதிதில்லை. ஜெர்மனியில் 1907லேயே பெர்சில் துணிப் பவுடரில் பெர்போரேட் போட்டிருந்தார்கள். பெர்போரேட்டின் 'பெர்', சிலிக்கேட்டின் 'சில்', அதுதான் பெர்சில். இன்றைய மாத்திரைகளில் இருப்பது பெர்கார்பனேட், என்சைம், சிட்ரேட், சலவைச் சோடா. அதன் மேல் நான் ப்ளீச் ஊற்றியபோது, காசு கொடுத்து வாங்கிய என்சைமை முதலில் கொன்றேன். அமிலம் இல்லாவிட்டாலும் அது தண்டம்தான்.

"ஓட்டல் மிஷினில் குளோரின் விடுகிறார்களே" என்று மைத்துனன் கேட்டான். விடுகிறார்கள். வெந்நீர் குறைவாக இருக்கும் வகை மிஷினில், கடைசி அலசலில், பம்ப் அளந்து விடும் 50 பிபிஎம். நான் கணக்குப் போட்டேன். 4 சதவீத ப்ளீச் 100 மில்லி என்றால் உள்ளே 4 கிராம். வீட்டு மிஷின் ஒரு முறைக்குப் பிடிக்கும் தண்ணீர் சுமார் 4 லிட்டர். ஆக 1000 பிபிஎம். இருபது மடங்கு. அதுவும் அளவுகாட்டி இல்லாமல், அடியில் ஆசிட்டோடு.

குளோரின் என்ன செய்யும் என்று உலகம் பார்த்தது 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்ரே. ஜெர்மன் படை சிலிண்டரைத் திறந்துவிட்டது. நாலு நாள் கழித்து அதே களத்தில் நம் இந்தியச் சிப்பாய்கள் அதில் மாட்டினார்கள். ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது அந்த 26ஆம் தேதிச் சண்டைக்கு. அவரும் வாயுவில் பாதிக்கப்பட்டவர். அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்புக்கு நச்சுவாயுக் குண்டு வீசும் கருவி செய்தவர் வில்லியம் லிவன்ஸ். போர் முடிந்து 1924இல் அதே லிவன்ஸ் வீட்டுக்கு அடக்கமாக ஒரு டிஷ்வாஷர் செய்தார். இதை நான் கதை கட்டவில்லை, இரண்டு வேலையும் ஒரே ஆள்.

அம்மா அன்று ராத்திரியே சரியாகிவிட்டார். தட்டுகள் ஆகவில்லை. களேபரத்தில் மிஷினை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினவர்கள் மறுநாள்தான் திறந்தோம். ராத்திரி முழுக்க ப்ளீச் தண்ணீரில் நின்றதில் எவர்சில்வரில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளிகள். எவர்சில்வர் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமியம் போர்வை ஒன்று உண்டு. காற்றுப் பட்டால் அதுவே தன்னைத் தைத்துக்கொள்ளும். குளோரைடு அதைத் தைக்க விடாமல் ஒரே இடத்தில் குடையும். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த தட்டு, பின்னால் ஆச்சியின் பேரும் 1975 என்றும் வெட்டியிருக்கும். 5க்குப் பக்கத்திலேயே மூன்று புள்ளி. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

டப்பாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மொட்டை மாடியில் வெயிலில் கவிழ்த்து வைத்தார். "மஞ்சக்கறைக்கு வெயிலு போதுமேய்யா" என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் எடுத்து வந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தன. அந்தத் தட்டில் இப்போது நான்தான் சாப்பிடுகிறேன். கையால் கழுவுகிறேன், மிஷினில் போடுவதில்லை.